புதிய காவல் நிலையம் கேட்பதா, காவலர்களைக் கேட்பதா? (தாம்பரம் தெற்குப் பகுதி)

வாசகர் கேள்வி, 11.02.2024

2022-இல் சொத்து வரியை உயர்த்தினார்கள், முணுமுணுக்காமல் கட்டி வருகிறோம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் எல்லாம் இரவு பகல் தெரியாமல் இயங்குகின்றன. போன வாரம் எங்கள் தெருவில் பூட்டிய வீடு ஒன்றை உடைத்துவிட்டார்கள். இவ்வளவு வரி வாங்கும் மாநகராட்சி நமக்கென்று புதிதாக ஒரு காவல் நிலையம் கட்டித் தரக் கூடாதா? குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் மேயருக்கு மனு கொடுக்கலாம் என்று இருக்கிறோம். எப்படி எழுதுவது?

11.02.2024, இரவு

மேயருக்கு எழுதிப் பயனில்லை. காவல்துறை அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. காவலரின் சம்பளம், வண்டிக்கு எரிபொருள், நிலையத்தின் மின்கட்டணம் எல்லாமே சட்டமன்றத்தில் காவல்துறைக்கென வைக்கப்படும் 22-ஆம் எண் மானியக் கோரிக்கையிலிருந்து வருபவை. நீங்கள் கட்டும் சொத்து வரியில் ஒரு ரூபாய்கூட அதற்குப் போவதில்லை. வண்டலூரும் ஊரப்பாக்கமும் தாம்பரம் மாநகராட்சிக்குள்ளேயே இல்லை, அவை ஊராட்சிகள். ஆனால் மூன்று ஊர்களும் தாம்பரம் காவல் ஆணையரகம் என்ற ஒரே ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. ஆகவே மனு உள்துறைக்கும் ஆணையருக்கும் போக வேண்டும்.

எப்படி எழுதுவது என்பதைவிட எதைக் கேட்பது என்பதுதான் முதலில் முடிவாக வேண்டும். ஒரு மாவட்டக் காவல் அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகள் அமைச்சுப் பணியாளராக, அதாவது சீருடை இல்லாத அலுவலக ஊழியராக, பெரும்பாலும் சம்பளப் பட்டியல் பிரிவிலும் பணியிடப் பிரிவிலும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கட்டடம் கேட்டால் கட்டடம் கிடைக்கும். காவலர் வீட்டுவசதிக் கழகம் 1981 முதல் அந்த வேலையைச் செய்து வருகிறது. அந்தக் கட்டடத்துக்குள் உட்கார ஆள் எங்கிருந்து வருவார் என்பது வேறு கோப்பு.

ஐ.நா. அளவுகோல்படி ஒரு லட்சம் பேருக்கு 222 காவலர் வேண்டும். இந்திய அளவில் அனுமதிக்கப்பட்ட பணியிடமே சுமார் 195, உண்மையில் பணியில் இருப்போர் 155-ஐ ஒட்டி. இதை மனுவின் முதல் பத்தியில் வைக்கலாம்.

14.02.2024

கேள்வி கேட்டவர் சொல்லும் வீடு எனக்கும் தெரிந்த வீடுதான். அன்றிரவு அந்தக் குடும்பத்தோடு நிலையத்துக்குப் போனவர்களில் நானும் ஒருவன். எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை. அங்கிருந்தவர்கள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

மணி இரண்டே கால். வாசலில் துப்பாக்கியோடு பாரா காவலர். உள்ளே மேசையில் நிலைய எழுத்தர், எதிரே காணாமல்போன தந்தையைத் தேடி வந்த ஓர் இளைஞர். மூலையில் ஒரு பெண் காவலர், குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண்ணுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான். ரோந்து வண்டி ஒரு விபத்துக்காகப் புறவழிச்சாலைக்குப் போயிருந்தது. எழுத்தர் எங்கள் புகாரை முழுதாகக் கேட்டார், ஒரு தாளில் குறித்துக்கொண்டார், பிறகு மிகுந்த தயக்கத்தோடு, "வீட்டை யாரும் தொடாமல் பூட்டி வையுங்கள், விடிந்ததும் ஆள் வரும்" என்றார். கூட வந்தவர் ஒருவர் குரலை உயர்த்தினார். எழுத்தர் பதில் சொல்லாமல், சுவரில் மாட்டியிருந்த பணிப் பட்டியலைத் திரும்பிப் பார்த்தார்.

நானும் பார்த்தேன். ஏறக்குறைய பாதிப் பெயர்களுக்கு எதிரே "பந்தோபஸ்து" என்று எழுதியிருந்தது. இரண்டு பேருக்கு "கோர்ட்". ஒருவருக்கு "மருத்துவ விடுப்பு". இரவுப் பணிக்கு எஞ்சியவர்கள் எங்கள் கண்முன் இருந்தவர்களும் அந்த வண்டியில் போனவர்களும் மட்டுமே.

அந்த எழுத்தர் முந்தைய நாள் காலை ரோல்காலுக்கு வந்தவர். விடியும்வரை அவர் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

15.02.2024

"நமக்கென்று தனி ஆணையரகமே வந்துவிட்டதே, பிறகு ஏன் ஆள் இல்லை?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

2008-இல் சென்னைப் புறநகருக்கு என்று தனி ஆணையரகம் உருவானது. 2011-இல் அதைச் சென்னையோடு இணைத்தார்கள். அதே ஆண்டில் சென்னை மாநகராட்சியும் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 2021 செப்டம்பரில் மறுபடியும் பிரிப்பதாகச் சட்டமன்றத்தில் அறிவித்து, 2022 ஜனவரி முதல் நாள் தாம்பரம், ஆவடி ஆணையரகங்கள் தொடங்கின. சென்னை மாநகரக் காவல்துறையின் நிலையங்களோடு செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் சில நிலையங்களும் சேர்ந்தே இவை அமைந்தன. பதினான்கு ஆண்டுகளில் எல்லைக்கோடு மூன்று முறை மாறியிருக்கிறது.

எல்லையைப் பிரித்தது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். கூடுவாஞ்சேரியில் நடக்கும் ஒன்றுக்கு சென்னைக் காவல் ஆணையர் அலுவலகம் இருக்கும் வேப்பேரியிலிருந்து முடிவெடுக்க முடியாது. ஆனால் ஓர் ஆணையரகம் பிறந்தால் அதற்கென்று கட்டுப்பாட்டு அறை வேண்டும், மத்தியக் குற்றப்பிரிவு வேண்டும், இணையக் குற்றப்பிரிவு வேண்டும், ஆயுதப்படை வேண்டும், நுண்ணறிவுப் பிரிவு வேண்டும், ஒவ்வொரு துணை ஆணையர் அலுவலகத்துக்கும் ஆள் வேண்டும். இத்தனைக்கும் புதிய பணியிடங்கள் முழுமையாக அனுமதிக்கப்பட்டு நிரப்பப்படும்வரை, ஆள் எடுக்கக்கூடிய ஒரே இடம் காவல் நிலையம். தலை பெருக்கும்போது கால் மெலிவது இப்படித்தான். யாருடைய தீய எண்ணமும் இதற்குத் தேவையில்லை.

02.03.2024

திருத்தம். முதல் குறிப்பில் 222 என்பதை ஐ.நா. அளவுகோல் என்று எழுதியிருந்தேன். அது தவறு. 450 பேருக்கு ஒரு காவலர் என்ற கணக்கைத் திருப்பிப் போட்டால் வரும் எண் அது. நாளிதழ்களிலும் நாடாளுமன்ற விவாதங்களிலும் பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. அப்படியொரு பரிந்துரையை ஐ.நா. வெளியிடவில்லை. அலுவலகத்தில் நானே பல குறிப்புகளில் அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துக்கு வைத்திருக்கிறேன், ஒருவரும் மூலத்தைக் கேட்டதில்லை. மனுவிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். உள்துறையில் விவரம் தெரிந்த ஒருவர் படித்தால் அந்த ஒரு வரியால் மற்றவையும் மதிப்பிழந்துவிடும்.

யோசித்துப் பார்த்தால் மக்கள்தொகை விகிதமே நமக்குப் பொருந்தாத அளவுகோல். கிளாம்பாக்கத்தில் இறங்கும் பயணி இங்கே குடியிருப்பவர் அல்லர், எந்தக் கணக்கெடுப்பிலும் நம் பகுதியில் சேர மாட்டார். ஆனால் அவருடைய பை திருடுபோனால் புகார் இங்கேதான் பதிவாகும். பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்தை ஒட்டிய அடுக்குமாடி வீடுகளை அரசே கட்டி, நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து மக்களை அங்கே கொண்டுபோய்க் குடியேற்றியது. எத்தனை குடும்பங்கள், எந்த மாதம் வரப்போகின்றன என்பது அரசுக்கு முன்கூட்டியே தெரியும். அங்கே பேருந்து, பள்ளி, காவல் எல்லாம் மக்களுக்குப் பின்னால் வந்தன. தெரிந்தே நடக்கும் வளர்ச்சிக்குக்கூட நாம் பணியிடங்களை முன்கூட்டித் திட்டமிடுவதில்லை என்பதுதான் என் மனக்குறை.

16.03.2024

பணத்தைப் பற்றிப் பேசுவோம். இதை எழுதாமல் மனு எழுதினால் அது வேண்டுதலாக மட்டுமே இருக்கும்.

இரண்டாம் நிலைக் காவலரின் அடிப்படை ஊதியம் 18,200 ரூபாயில் தொடங்குகிறது. 2024 ஜனவரி நிலவரப்படி அகவிலைப்படி 50 விழுக்காடு. ஆக மாதம் 27,300, ஆண்டுக்கு 3,27,600. வீட்டு வாடகைப்படி, சீருடை, பயிற்சி, மருத்துவக் காப்பீடு எதையும் நான் சேர்க்கவில்லை. ஒரு நிலையத்தில் எந்த நேரமும் இருந்தே தீர வேண்டியவர்கள் என்று குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்வோம்: பாரா ஒருவர், எழுத்தர் ஒருவர், பெண் காவலர் ஒருவர், ரோந்து வண்டியில் இருவர், இருசக்கர வாகன பீட் இருவர். ஏழு பேர். மூன்று ஷிப்டுக்கு 21 பேர். எல்லோரும் நேற்றுச் சேர்ந்தவர்கள் என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 68 லட்சத்து 79 ஆயிரத்து 600 ரூபாய். ஆய்வாளர், உதவி ஆய்வாளர்கள், குற்றப்பிரிவு, போக்குவரத்துப் பிரிவு எல்லாம் இதற்கு மேல்.

இப்போது வருமானப் பக்கம். நம் பகுதியில் 50 லட்ச ரூபாய்க்கு ஒரு மனை கைமாறினால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, மொத்தம் நாலரை லட்சம். இதில் 2 விழுக்காடு உள்ளாட்சிக்குப் போகும் கூடுதல் தீர்வை. மீதி மூன்றரை லட்சம் மாநில அரசுக்கு. அதாவது, ஒரு மனையின் பதிவு ஒரு புதிய காவலரின் ஓராண்டு ஊதியத்தை ஈடுகட்டி, கையில் கொஞ்சம் மீதமும் வைக்கிறது. நகரம் வளரும்போது அரசுக்கு வருமானம் வருவதில்லை என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஆனால் நிதித்துறையின் தயக்கத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். மனை ஒருமுறைதான் பதிவாகும். காவலரின் ஊதியம் ஒவ்வொரு மாதமும், முப்பது ஆண்டுகளுக்கு மேல், ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போகும். ஒருமுறை வரும் பணத்தை நம்பித் தொடர்செலவை ஏற்க எந்த நிதிச் செயலாளரும் எளிதில் ஒப்பமாட்டார். கட்டடத்துக்கும் வண்டிக்கும் விரைவாக வரும் ஒப்புதல் பணியிடத்துக்கு வராததன் காரணம் இதுவே.

19.03.2024

மேலே 21 பேர் என்று எழுதியது பிழை. பணியிடப் பிரிவில் இருந்தவன் செய்யக்கூடாத பிழை.

ஒருவர் ஆண்டின் 365 நாளும் வருவதில்லை. 2021 நவம்பரில் வந்த அரசாணைப்படி இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வார விடுமுறை உண்டு, அதில் 52 நாள் போகிறது. தற்செயல் விடுப்பு 12. ஈட்டிய விடுப்பு 30. பயிற்சி, உடல்நலக் குறைவு என்று ஒரு 10. எஞ்சுவது 261. ஓர் இடத்தை ஓராண்டு முழுவதும் மூன்று ஷிப்டிலும் காக்க 1,095 ஷிப்டுகள் வேண்டும். 1,095-ஐ 261-ஆல் வகுத்தால் 4.2 வருகிறது. ஆக ஏழு இடத்துக்கு முப்பது பேர், 21 அல்ல. செலவும் 98 லட்சத்து 28 ஆயிரம் ஆகிறது.

இந்த இடைவெளியில்தான் வார விடுமுறை காணாமல் போகிறது. அரசாணை நல்ல அரசாணை, மனமாரச் சொல்கிறேன். ஆனால் விடுமுறையை அனுமதிக்கும் ஆணையோடு, அந்த ஏழில் ஒரு பங்கு உழைப்பை ஈடுசெய்யும் பணியிடங்களும் வர வேண்டும். வராதபோது, ஆய்வாளர் என்ன செய்வார்? விடுமுறை என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, பந்தோபஸ்துக்கு அழைப்பார்.

2014-இல் காவல் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியகத்துக்காக ஹைதராபாத்தின் நிர்வாகப் பணியாளர் கல்லூரி நாடு முழுதும் ஓர் ஆய்வு செய்தது. நிலையங்களில் பணிபுரிவோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார்கள், தங்கள் ஆட்கள் பதினொரு மணி நேரமோ அதற்கு மேலோ பணியில் இருப்பதாக நிலைய அதிகாரிகளில் மூன்றில் இரு பங்கினர் சொன்னார்கள் என்று கண்டது. எட்டு மணி நேர ஷிப்டுக்கு மாற, அனுமதிக்கப்பட்ட பணியிடத்தை 1.68 மடங்காக்க வேண்டும் என்றது. மனுவில் 222 இருந்த இடத்தில் இந்த 1.68-ஐ வையுங்கள். இது வேலையை அளந்து வந்த எண்.

07.05.2024

சங்கக் கூட்டத்தில் ஒருவர், "ஆள் வர நாளாகும், அதுவரை தெருவுக்கு நான்கு கேமரா வைப்போம்" என்றார். கைத்தட்டல் கிடைத்தது. நானும் என் பங்குப் பணத்தைக் கொடுத்தேன்.

கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. 2017-க்குப் பிறகு சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்ற பெயரில் இதை ஓர் இயக்கமாக நடத்தியது, குடியிருப்போரும் கடைக்காரர்களும் பணம் போட்டார்கள், பல வழக்குகள் அதனால் துலங்கின. நிர்பயா நிதியில் சுமார் 425 கோடி ரூபாய்க்குச் சென்னைக்கெனப் பாதுகாப்பான நகரத் திட்டமும் வந்தது, அதில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கு. இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பணம் பொருளாக மாறுகிறது, ஆளாக மாறுவதில்லை. எங்கள் தெருத் திருட்டில் எதிர்வீட்டுக் கேமராவில் பதிவு இருந்தது. அதை எடுத்து, ஆறு மணி நேரப் பதிவை ஓட்டிப் பார்த்து, வண்டி எண்ணைப் பிடித்து, அடுத்த சந்திப்பின் பதிவோடு ஒப்பிட ஒரு குற்றப்பிரிவுக் காவலருக்கு முழுதாக இரண்டு நாள் வேண்டும். அந்த இரண்டு நாள் அவருக்குக் கிடைக்கவில்லை. பத்தாம் நாள் பதிவு தானாக அழிந்துவிட்டது.

08.05.2024

தன்னார்வலர்களை வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனைக்கு: 1993-இல் இராமநாதபுரத்தில் தொடங்கிய காவல் நண்பர்கள் குழு நல்ல நோக்கத்தோடு வந்ததுதான். நாளடைவில் அவர்களை ஆள்பற்றாக்குறைக்கு ஈடாக நிலையப் பணிகளில் பயன்படுத்தும் வழக்கம் வந்தது. 2020-இல் சாத்தான்குளம் காவல் மரணங்களுக்குப் பிறகு அரசே அதைத் தடை செய்தது. அதிகாரம் உள்ள வேலையைப் பொறுப்பு இல்லாதவரிடம் கொடுக்கக் கூடாது. இந்த யோசனையை மனுவில் சேர்க்க நான் சம்மதிக்க மாட்டேன்.

21.09.2024

நெடுநாள் எழுதவில்லை. இடையில் ஒரு பழைய நினைவு மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் பணியிடப் பதிவேட்டுக்கு மூன்று கட்டங்கள்: அனுமதி, இருப்பு, காலி. ஒவ்வொரு மாதமும் நிலையவாரியாக நிரப்பி மேலே அனுப்புவோம். அந்த மூன்றும் மையால் எழுதப்படும். நான்காவதாக, ஓரத்தில் பென்சிலால் நாங்கள் போட்டுக்கொண்ட ஒரு கட்டம் உண்டு, அது 'அயற்பணி'. காவலர் அந்த நிலையத்தின் கணக்கில் இருப்பார், சம்பளம் அந்த நிலையத்தின் பெயரில் ஏறும், ஆனால் வேலை செய்வது வேறு எங்கோ: ஓர் அலுவலகம், ஒரு சிறப்புப் பிரிவு, ஒரு முகாம். காவலர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறை 1979-லேயே ஒழிக்கப்பட்டது என்றாலும் 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் மீண்டும் அதைக் கடுமையாக நினைவூட்ட வேண்டியிருந்தது என்பதை எல்லோரும் செய்தியில் படித்திருப்பீர்கள்.

பதிவேடு மேலே போகும்போது பென்சில் எழுத்தை அழித்துவிட வேண்டும் என்பது வழக்கம். எனக்கு முன்னிருந்தவர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். நானும் அழித்தேன். அந்த அழிரப்பரின் தூளை மேசையிலிருந்து ஊதித் தள்ளியது இன்றும் நினைவிருக்கிறது. அப்படிச் சுத்தமாகப் போன தாளைப் பார்த்து, இந்த நிலையத்தில் காலியிடம் இரண்டே இரண்டுதான், அவசரமில்லை என்று மேலே முடிவெடுத்திருப்பார்கள். அதற்கு நானும் பொறுப்பு.

ஆகவே மனுவில் காலியிடம் எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள். கடந்த மாதத்தின் ஏதாவது ஏழு நாட்களில், ஒவ்வொரு ஷிப்டிலும், நிலைய எல்லைக்குள் உண்மையில் பணியில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும்.

10.01.2025

"2023-இல் 3,359 பேரை எடுப்பதாக அறிவித்தார்களே, அவர்கள் எங்கே?" என்ற கேள்விக்குப் பதில்.

சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் அந்த அறிவிப்பு 2023 ஆகஸ்டில் வந்தது. எழுத்துத் தேர்வு டிசம்பரில். பணி ஆணை 2024 இறுதியில். இனி ஏழு மாதப் பயிற்சி, பிறகு செயல்முறைப் பயிற்சி. அந்த 3,359-இல் சிறைக் காவலர் 86, தீயணைப்பாளர் 674. காவல்துறைக்கு 2,599. அதிலும் 780 ஆயுதப்படைக்கு, 1,819 சிறப்புக் காவல் படைக்கு. காவல் நிலையத்துக்கு நேரடியாக ஒருவரும் இல்லை. முறையே அப்படித்தான். முதலில் படைப்பிரிவு, சில ஆண்டுகள் கழித்து முறைவரிசைப்படி நிலையத்துக்கு மாறுதல். ஆயுதப்படையில் கிடைக்கும் ஒழுங்கும் பழக்கமும் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்று அரசு மனமிரங்கி ஓர் ஆணை போட்டால்கூட, அந்த ஆணையால் பிறக்கும் புதிய ஆள் நம் தெருவுக்குப் பட்டா புத்தகத்தோடு (ரோந்து வந்ததற்குக் கையெழுத்திடும் ஏடு) ரோந்து வர ஆண்டுகள் ஆகும்.

அதனால்தான் கிளாம்பாக்கம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. முனையத்துக்கு அடிக்கல் 2019-இல். திறப்பு 2023 டிசம்பர் 30. இடையில் கிடைத்த காலம், ஒருவரைத் தேர்வு செய்து, பயிற்றுவித்து, படைப்பிரிவில் பழக்கி, நிலையத்துக்கு அனுப்பக் கிட்டத்தட்ட போதுமானது. கட்டுமானத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரிய நாளிலேயே உள்துறைக்கு ஒரு கடிதம் போயிருந்தால், இத்தனை பயணிகள், இத்தனை நடைமேடை, இத்தனை பேர் வேண்டும் என்று பணியிடக் கோரிக்கை தொடங்கியிருக்கலாம். பெரிய மனைப்பிரிவுக்கும் அடுக்குமாடிக்கும் திட்ட அனுமதி வழங்கும்போது தீயணைப்பு, போக்குவரத்து ஆகியவற்றின் கருத்தைக் கேட்கிறார்கள். இத்தனை வீடு வந்தால் எத்தனை காவலர் கூடுதலாக வேண்டும் என்ற கேள்விக்கும் அந்தக் கோப்பில் ஓர் இடம் வேண்டும்.

22.06.2025

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான அறிவிக்கை இம்மாதம் வந்துவிட்டது, 2027 மார்ச் முதல் நாளை அடிப்படையாகக் கொண்டு. விகிதத்தை நம்பாதே என்று எழுதியவன்தான் நான். என்றாலும் இதை வரவேற்கிறேன். பெருங்களத்தூரும் பீர்க்கன்காரணையும் 2011-இல் பேரூராட்சிகள். இன்றுவரை அந்தக் கணக்கின்மீதே நீட்டிச் சொல்லப்படும் மதிப்பீடுகள்தான் கோப்புகளில் இருக்கின்றன. கணக்கெடுக்க வருபவரிடம் எல்லோரும், வாடகைக்கு இருப்பவர்களும் வடமாநிலத் தொழிலாளர்களும் உட்பட, தங்களைத் தவறாமல் பதிந்துகொள்ளுங்கள். பலர் தங்கள் ஊரில்தான் பதிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

05.07.2025

மனு மூன்றாம் முறையாகத் திருத்தப்பட்டு முடிந்தது. புதிய காவல் நிலையம் என்ற கோரிக்கையை நீக்கச் சொன்னேன், கூட்டத்தில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. "கட்டடமாவது கண்ணில் தெரியும்" என்று ஓர் அம்மா சொன்னார். அவருடைய வீட்டில்தான் அன்று பூட்டு உடைந்தது. அவரிடம் வாதாட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே அது கடைசிக் கோரிக்கையாக இருக்கிறது, புதிய நிலையம் அமைத்தால் அதற்கான பணியிடங்கள் அண்டை நிலையங்களிலிருந்து பிரித்தெடுக்கப்படாமல் புதிதாக அனுமதிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

மற்றவை: ஷிப்டுவாரியாக உண்மை இருப்பைக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுவது, அயற்பணியில் இருப்போரின் எண்ணிக்கையைத் தனிக் கட்டமாக, மையால், காட்டுவது, வார விடுமுறைக்கு ஈடான பணியிடங்களைக் கணக்கிட்டு நிதித்துறைக்கு முன்மொழிவது. உள்துறைச் செயலாளருக்கும் ஆணையருக்கும் ஒரே நாளில் பதிவு அஞ்சலில் போகிறது. கையெழுத்துப் போடாதவர்கள் வியாழக்கிழமை மாலைக்குள் பூங்காவுக்கு எதிரே உள்ள சங்க அறைக்கு வாருங்கள், ஏழு மணி வரை நான் இருப்பேன்.